ஒன்றரை அங்குலம்

ஆம்ப்ரோஸ் கட்டிய வீட்டின் ஜன்னல் இரண்டு யூனிட் அதிகமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டானது வருத்தமன்று.

அது கணினி விளையாட்டுக்குள் கட்டப்பட்ட வீடு. நிஜ வீடொன்றை அளந்து, ஓரடிக்குப் பதினாறு யூனிட் வீதம் பெருக்கி, மானிட்டருக்குள் எழுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் நிபந்தனை ஒன்றே: அளவு பிசகக் கூடாது. நான் ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டை எஃகு நாடாவால் அளந்து கட்டியிருந்தேன். உடன் வேலை செய்யும் ஆம்ப்ரோஸ், நான் என்ற இருவரில் ஒருவர் வெள்ளிக்கிழமை அணித் தலைவராவார்.

விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் அவன் வீட்டுக்குள்ளேயே சுற்றினார்கள். கட்டிலோரம் நின்று ஜன்னலைப் பார்த்தார்கள்.

"உள்ள யாரோ இருக்கற மாதிரியே இருக்கு" என்றாள் அவர்களில் ஒருத்தியான தர்ஷினி. என் வீட்டைப் பற்றி அவள் சொன்னது: "நீட்டா இருக்கு சார்."

மதிய உணவைத் துறந்து அவன் வீட்டை அளந்தேன்.

வழக்கமான நான்கடி ஜன்னலுக்கு அறுபத்துநான்கு வர வேண்டும், அறுபத்தாறு இருந்தது. இரண்டரையடி மேசைக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருந்தது. ஏழடிக் கதவில் மட்டும் நான்கு யூனிட் கூடுதல்.

பெருக்கலில் தவறினால் பிழை நீளத்தோடு வளரும். இது வளரவில்லை, ஐந்தடியைத் தாண்டியதும் இரட்டித்தது. ஆகவே, அவன் அளந்தது அறுபது அங்குலத் தையல் நாடாவால். அதன் தொடக்க முனையில் இரண்டு யூனிட், அதாவது ஒன்றரை அங்குலம், இல்லை. கதவுக்கு அதை இரண்டு முறை வைத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை இதை எல்லார் முன்னிலையிலும் பலகையில் எழுதி நிறுவினேன்.

மேலாளர் சீனிவாசராகவன் சிரித்தார். "ஏனப்பா ஆம்ப்ரோஸ், வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கவா அளவெடுத்த?"

"ஜீவனஹள்ளில என் ரூம்தான் சார். கைக்குக் கெடச்ச டேப்ல அளந்தேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தோற்றவனின் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். தனியாக வசிப்பவன் கைக்குத் தையல் நாடா எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. பதவி எனக்குக் கிடைத்தது.

மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே நீலசந்திராவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

சொர்ணம், என் மனைவி, ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க அளந்துகொண்டிருந்தாள். வீடுவீடாகப் போய் அளவெடுத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். நாடாவை இழுத்துப் பிடித்து, "நாப்பத்தொம்பதரை" என்று முணுமுணுத்தாள். பிறகு துணியில் சாக்பீஸால் 48 என்று எழுதினாள்.

பொட்டலத்தைக் கீழே வைக்காமலே, ஏன் என்று கேட்டேன்.

"முனை பிஞ்சு ஒரு வருஷமாச்சுங்க. ஒன்றரை கழிச்சுக்குவேன். எனக்குப் பழகிடுச்சு."

"யாருக்காவது இரவல் குடுத்தியா?"

"இதையா?" அவள் நாடாவைச் சுருட்டினாள். "என் கைப்பைய விட்டுப் போனதே இல்லயே."