கையின் கனம்

"கையை எங்கிட்ட குடுத்துருங்கம்மா."

கொடுத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

ரெக்ஸின் மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தாள். பிசியோதெரபி செய்யும் ரெஜினா, அவள் வலது கையை மணிக்கட்டிலும் முழங்கையிலும் தாங்கி மெல்லத் தூக்கினாள். பாதி உயரத்தில் தன் இரண்டு கைகளையும் சத்தமில்லாமல் விலக்கிக்கொண்டாள்.

கை விழவில்லை.

அந்தரத்தில் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? நான் தூக்கல. நீங்கதான் தூக்கிட்டிருக்கீங்க."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. கையை இறக்கினாள். அதுகூடத் தானாக விழவில்லை, அவள் இறக்கியதுதான்.

தோள் இறுகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை பின்னால் போவதில்லை. தலை பின்ன முடியவில்லை. பின்னிவிட வீட்டில் ஆளில்லை. போன மாதம் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். கேட்டவர்களிடம் வெயில் தாங்கவில்லை என்றாள்.

"ராத்திரி எப்படிம்மா படுப்பீங்க?"

"எல்லாரும் படுக்கிற மாதிரித்தான்."

அப்படியில்லை.

மகன் செழியனுக்கு எட்டாம் வகுப்பில் முதல்முறை வலிப்பு வந்தது. அன்று முதல் அவன் நெஞ்சின்மேல் இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். அவள் தூங்கினாள், கை தூங்கவில்லை. அவன் மூச்சு கொஞ்சம் மாறினாலும் முதலில் கைக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அவனுக்கு மீசை வந்தது. தனி அறை கேட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து, சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

இப்போது அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வலிப்பு வந்து வருஷக்கணக்காகிறது. இனி பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவ கூப்பிட்டா போதும்மா. ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்க" என்றான் செழியன்.

சரி என்றாள்.

வாய்தான் சரி என்றது.

இங்கே சிகிச்சை முடிந்து வெளியே போனதும் அவனைக் கூப்பிடுவாள். அதுதான் அன்றைய ஒரு தடவை. அதுவரை போன் வாசலில் இருக்கும் கூடையில் கிடக்கும். உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள். திரைச்சீலை இடுக்கில் கூடையின் ஓரம் தெரிகிற மாதிரி அவள் தலையைத் திருப்பி வைத்துக்கொள்வாள்.

இன்று ரெஜினா எழுந்துபோய்த் திரையை முழுதாக இழுத்துவிட்டாள்.

ஒத்தடப் பையைத் தோளில் வைத்தாள். ஸ்டூலை நெருக்கிப் போட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கவில்லை. திருப்பவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிடிச்சிருக்கேன். விழுந்தாலும் எங்கிட்டதாம்மா விழும்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று விட்டுவிட்டார்கள்.

யாராவது தன் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

முதலில் விரல்கள் போயின.

பிறகு மணிக்கட்டு.

அப்புறம் அவளுக்குத் தெரியவில்லை.

கண் திறந்தபோது ஒத்தடப் பை ஆறிக் கிடந்தது. ரெஜினா அதே ஸ்டூலில், அதே கையைப் பிடித்தபடி இருந்தாள்.

"தூங்கிட்டீங்க. எழுப்ப மனசு வரல." காலை நீட்டி மடக்கிக்கொண்டே சொன்னாள். "என்னா கனம்மா உங்க கை."

வெளியே வெளிச்சம் சாய்ந்திருந்தது.

கூடையிலிருந்து போனை எடுத்தாள். திரை முழுக்க செழியன். ஒன்றன்கீழ் ஒன்றாக அவன் பெயர்.

செருப்பைக்கூட மாட்டாமல் படியில் உட்கார்ந்து அழைத்தாள்.

"ஏன்ம்மா எடுக்கல?" குரல் மெலிந்து வந்தது. "எத்தன தடவ அடிக்கிறது? பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டா, வீடு பூட்டியிருக்குங்கிறாங்க."

"உனக்கு என்னடா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் ஏதோ..."

அவன் முடிக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. நடந்துகொண்டே பேசுகிறான் போல. எங்கே கிளம்பினானோ.

"தூங்கிட்டேன்டா."

"தூங்கிட்டியா?"

அவளைப் பற்றி இப்படி ஒன்றை இதுவரை கேள்விப்படாதவன் போலக் கேட்டான்.

"பயந்துட்டியா?"

"இல்ல."

அந்த 'இல்ல' அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் சொல்லிவந்ததுதான்.



"சரிம்மா. வெச்சிர்றேன்" என்றான். உடனே வைக்கவில்லை. அப்புறம் வைத்தான்.

பஸ் நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் உறைத்தது. மாத்திரை போட்டாயா என்று இன்று கேட்கவில்லை.

கட்டைவிரல் அவன் பெயர்மேல் போய் நின்றது.

நின்றது.

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பஸ் வந்தது. உட்கார இடமிருந்தது. கண்டக்டர் அவளையே பார்த்தார். வரவில்லை என்று அவள் தலையை அசைத்தாள்.

தினமும் ஓட்டமும் நடையுமாக வந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத்தான் வீட்டுக்குப் போவாள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, எதற்காக என்று இன்று யோசித்துப் பார்த்தாள்.

எதிர்க்கடையில் விளக்கு போட்டார்கள். அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. பயத்தினால் அல்ல என்பதுதான் புதிதாக இருந்தது.

அடுத்த பஸ்ஸையும் விட்டாள்.