417-ஆம் பிள்ளை

"இந்த ஒரு வரியை மட்டும் நான் மூட மாட்டேன், மேடம்."

தனலட்சுமி கம்ப்யூட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்து, மடியிலிருந்த துணிப்பைமேல் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் விக்டோரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. ஐந்து மணிக்குள் மொத்தத் தகவலையும் பூட்டி அனுப்பியாக வேண்டும்.

தச்சநல்லூரைத் தாண்டி இருந்தது அந்தப் பெரிய மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை. இருபத்தொரு வருடங்களுக்கு முன் தாமிரபரணிக் கரை ஊர்களில் பிறந்த ஆயிரத்து இருநூறு பிள்ளைகளை, இன்றுவரை விடாமல் எடை பார்த்து வருகிறார்கள். கம்ப்யூட்டரில் எந்தப் பிள்ளைக்கும் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் தனலட்சுமி. அங்கே அவளுக்கு நாலு வாரப் பயிற்சி, இன்றோடு முடிகிறது. பாதியில் விட்டுப்போன பிள்ளைகளின் வரிகளில் 'தொடர்பு இல்லை' என்று குறித்து மூடுவதுதான் கடைசி வேலை. முப்பத்தாறு வரிகளை மூடிவிட்டாள்.

"நானூத்திப் பதினேழுல அப்படி என்ன இருக்கு?"

"பிறந்தப்ப ஒண்ணே முக்கால் கிலோ. சேரன்மகாதேவி. அப்பாவும் அம்மாவும் வயல் கூலி. ஒரு வயசுக்குப் பெறகு ஆளைக் காணோம்னு போட்டிருக்கு. காணோம்னா என்ன அர்த்தம்? தேடுனீங்களா?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. ஜன்னல் கண்ணாடி புதுசா மாட்டுனது."

"சிரிக்காதீங்க மேடம். இதே ஒரு வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னா நாலு தடவை போயிருப்பீங்க. கூலிக்காரப் பிள்ளைதான. இருந்தா என்ன, போனா என்ன."

டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"வேலையை முடிக்கலைன்னா சர்டிபிகேட்டுல நான் கையெழுத்துப் போட முடியாது. அது இல்லாம நீ மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. தெரியும்லா?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

டாக்டர் எழுந்தார். இரும்பு பீரோவைத் திறந்து, ஓரம் செல்லரித்த ஒரு நீள நோட்டை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டார்.

"லில்லின்னு ஒரு களப்பணியாளர். தராசைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊர் ஊரா நடந்தவங்க. இது அவங்க நோட்டு. கேள்வி கேட்டவதான் பதிலையும் வாசிக்கணும். வாசி."

தனலட்சுமி விறைப்பாகத்தான் வாசிக்க ஆரம்பித்தாள்.

'417. வீடு பூட்டிக் கிடக்கிறது. மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டார்களாம்.'

அதற்கடுத்த வாரம்: '417. இரண்டாம் முறை. மழை. பஸ் மணிமுத்தாறோடு நின்றுவிட்டது. லாரியில் மேலே போனேன். அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டால், "எந்த இசக்கி? இங்கே ஒன்பது இசக்கி" என்கிறார்கள். ஐந்து இசக்கி பார்ப்பதற்குள் கடைசி லாரி புறப்பட்டுவிட்டது.'

"பேர் எழுதக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்," என்றார் டாக்டர். "சரி, நம்ம பக்கத்துல இசக்கின்னு மட்டும் சொன்னா எவன் கண்டுபிடிக்கப் போறான்னு விட்டுட்டேன்."

தனலட்சுமி சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

'417. மூன்றாம் முறை. எட்டாவது இசக்கிதான். பிள்ளையே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார். கொடியில் மஞ்சள் கவுன் காய்கிறது.'

"இருந்துக்கிட்டே இல்லைன்னாங்களா?" குரல் இறங்கியிருந்தது.

"எடை போட்டா கண்ணு பட்டு பிள்ளை எளைச்சுரும்னு ஒரு பயம் உண்டுல்லா. அதுவும் சவலைப் பிள்ளை. பெத்தவ மறைக்கத்தான் செய்வா. அதுக்காக நாங்க கதவை இடிக்க முடியுமா? இன்னும் திருப்பு."

நாலாம் முறை. ஐந்தாம் முறை. ஒவ்வொன்றும் நாலைந்து மாத இடைவெளியில். கடைசிக் குறிப்பு ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது.

'417. ஆறாம் முறை. கதவு திறக்கவில்லை. வற்புறுத்தக் கூடாது என்பது நம் விதி. இனி வந்து தொந்தரவு செய்ய மாட்டேன் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். கொடியில் சிவப்புக் கவுன். பழைய மஞ்சள் கவுனைவிட நாலு விரல் நீளம். பிள்ளை வளர்கிறாள். அது போதும்.'

தனலட்சுமி அந்த நாலு விரலை இரண்டு தடவை வாசித்தாள்.

"நான் நாலு தடவைன்னு சொன்னேன்," என்றாள். "ஆறு தடவை போயிருக்காங்க."

"போயிருக்காங்க. ஆனா எடை இல்லாம எங்களால ஒண்ணும் எழுத முடியாது. கவுன் நீளத்தை எந்த ஆராய்ச்சியில சேர்க்க? மூடு பிள்ள, மணி ஆகுது."

"அந்தப் பிள்ளை இப்ப வந்தா என்ன செய்வீங்க மேடம்?"

"என்ன செய்ய? விட்ட இடத்துல இருந்து எடை போடுவேன். அஞ்சு மணிக்குள்ள அவ எங்கன இருந்து வரப் போறா?"

தனலட்சுமி துணிப்பையிலிருந்து பழுத்துப்போன ஓர் எடை அட்டையை எடுத்து, நோட்டின்மேல் 417 என்ற எண் தெரியும்படி வைத்தாள். மூலையிலிருந்த எடை மெஷினுக்கு நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

"அம்பத்திரெண்டரை, எழுதுங்க மேடம்," என்றாள். "அந்தச் சிவப்புக் கவுன் இன்னும் எங்கம்மை பெட்டியிலதான் இருக்கு."