அந்தப் பக்கம் போகிற தோட்டா

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மூன்றாவது பிஸ்டலையும் சவரிமுத்து வாங்கி, மனைவி தெரசம்மாளின் கையில் வைத்துப் பார்த்தார். அவள் விரல் விசைக்கு எட்டியது. "காட்டுப்பன்னிக்கு இதைவிட வேகமானது கிடையாதுங்க. ஒருதரம் லோடு பண்ணிட்டா, அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானா ஏறிக்கும்" என்ற கடைக்காரர், இரண்டு தோட்டாப் பெட்டிகளைத் திறந்து வைத்தார். "இது மூக்கு மழுங்கினது. பன்னிக்குள்ளேயே விரிஞ்சு நின்னுடும். இது செம்பு போர்த்தினது. துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றாள் தெரசம்மாள்.

"போனா என்னம்மா? அங்க யாரு இருக்கப் போறாங்க?"

"பன்னியை வெளிய விரட்ட, புதரைக் கலைச்சு விடுறவன் இருப்பான். போன தடவை எங்க பையன் இருந்தான். இவர் நிக்கச் சொன்ன இடத்துலதான் நின்னான்."

பிஸ்டலைத் துடைக்க எடுத்த துணி கடைக்காரரின் கையிலேயே இருந்தது. "அதுக்கப்புறமும் வேட்டைக்குப் போகணுமாம்மா?"

"கிழங்கு போட்டிருக்கோமே. பன்னிக்கு என்ன தெரியும்?" மழுங்கிய தோட்டாக்களின் பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இனிமே சுடறது நான். கலைக்கிறது இவர்."

சவரிமுத்து செம்புத் தோட்டாக்கள் இருந்த பெட்டியை ஒற்றை விரலால் மெல்ல நகர்த்தி, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார்.