ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?

கணபதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியிலிருந்து அனுப்பிய மெயில் ஒன்றுகூடக் காலையிலிருந்து போய்ச் சேரவில்லை.

சரக்கு வாங்கும் புனேக்காரர் போனில் கூப்பிட்டுக் கத்திவிட்டார். இன்றைக்குள் விலை விவரம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு ஹாரிகாதான். மெயில் சர்வரின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டியபடியே இருந்தன.

ஆனால் ஸ்பேம் என்னும் குப்பை மெயில் அனுப்புகிறவர்களின் கறுப்புப் பட்டியலில் கம்பெனியின் பெயர் ஏறியிருந்தது.

எதிரே முதலாளி அரங்கசாமி கறுப்புக் கண்ணாடியுடன் உட்கார்ந்திருந்தார். போன வாரம்தான் கண்புரை ஆபரேஷன். திரையைப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடியிருந்தார்.

அனுப்பிய மெயில்களின் பதிவை ஹாரிகா திறந்து பார்த்தாள். அரங்கசாமியின் பெயரில், ஒரே முகவரிக்கு, ஒரே கடிதம், நூற்றுக்கணக்கில் போயிருந்தது.

எல்லாம், வருகிற மெயிலுக்குத் தானாகவே பதில் போக அவள் போட்டு வைத்த ஆட்டோ ரிப்ளை. ஆபரேஷனுக்கு முதல்நாள் அவர் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் அடித்தாள்.

'உங்க மெயில் கெடச்சுதுங்க. ரொம்ப சந்தோசமுங்க. கண்ணு ஆபரேசன், ஒரு வாரம் பாக்க முடியாதுங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?'

ஆட்டோ ரிப்ளையில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அவள் அன்றைக்கே சொல்லிப் பார்த்தாள். நலம் விசாரிக்காமல் எப்படி முடிப்பது என்றார் அவர். ஒருவருக்கு ஒரு தடவைதான் போகும் என்றதற்கு, நாலு தடவை எழுதுகிற மனுசனுக்கு ஒரு தடவைதான் பதிலா என்று முகம் வாடினார். அவள் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டாள்.

அதுதான் வினையாகிவிட்டது. எதிர்ப்பக்கமும் ஓர் ஆட்டோ ரிப்ளை இருந்திருக்கும். இரண்டு மெஷின்களும் ஒரு வாரமாக ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டே இருந்திருக்கின்றன.

யாருக்குப் போயிருக்கிறது என்று அரங்கசாமி கேட்டார். அவள் முகவரியைப் படித்தாள். சிங்காநல்லூர் தம்பிதுரை.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

தம்பிதுரை அவருடைய தங்கை வீட்டுக்காரர். அரங்கசாமி புது வீடு கட்டிக் குடிபோன நாளிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை பிறந்த வீட்டுப் படி மிதித்து வருசக்கணக்காகிறது. இருவரும் உறுப்பினராக இருக்கும் தொழிலதிபர் சங்கத்துக்குத் தம்பிதுரைதான் செயலாளர். போன வாரம் சங்கக் கூட்டத்துக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவாக அனுப்பிய அழைப்பு இங்கேயும் வந்திருக்கிறது. ஆட்டோ ரிப்ளை அதற்கும் நலம் விசாரித்திருக்கிறது.

ஹாரிகா முதலில் தன் பக்கத்து ஆட்டோ ரிப்ளையை நிறுத்தினாள். பிறகு, அவர்கள் பக்கத்து ஆட்டோ ரிப்ளையையும் நிறுத்தச் சொல்லலாம் என்று சிங்காநல்லூரில் தம்பிதுரையின் கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற அருள்குமார் எடுத்தான்.

"எங்க மொதலாளிக்கு அப்படி எதுவும் போட்டு வெக்கலீங்களே. அவரேதான் ஒத்தை வெரல்ல தட்டிக்கிட்டு உக்காந்திருக்காருங்க. ஒரு வாரமா ஆபீஸ் வேலை பூராவும் கெடக்குதுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அரங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த பதில்களை முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.

முதல் பதில், 'சௌக்கியம்.' அவ்வளவுதான்.

மறுபடியும் விசாரிப்புப் போனதும், 'சௌக்கியங்க.'

அதற்கடுத்து, 'சௌக்கியந்தானுங்க. உங்க கண்ணு தேவலைங்களா?'

பின்பு மனுசன் வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுத ஆரம்பித்துவிட்டார். தங்கைக்கு மூட்டுவலி. பையனுக்கு ஓசூரில் வேலை. அத்தனைக்கும் 'ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?' என்றே பதில் போயிருக்கிறது. யாரையோ விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று அவர் மாடு கன்று போட்டதையும், நாய்க்கு ஊசி போட்டதையும், வாடகைக்கு இருப்பவர்களின் சளிக்காய்ச்சலையும் எழுதியிருந்தார்.

கடைசி மெயில் சற்று முன்புதான் வந்திருந்தது. ஹாரிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்.

'இதுக்கு மேல ஊட்டுல யாரும் இல்லீங்க மச்சான்.'

கறுப்புக் கண்ணாடிக்கு அடியிலிருந்து கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஹாரிகா மெதுவாக நினைவுபடுத்தினாள். அவர் துண்டால் கன்னத்தை மட்டும் ஒற்றிக்கொண்டார்.

ஒரு பதில் எழுதச் சொன்னார். 'மாப்பிள்ளை, தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வாங்க' என்று. அவள் எழுதி அனுப்பினாள். மறுநொடியே திரும்பி வந்துவிட்டது. பட்டியலிலிருந்து பெயரை எடுக்க நாளைக் காலை ஆகும் என்று சர்வர் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

புனேக்காரரிடம் அவள் கெஞ்சிப் பார்த்தாள். காலைவரை பொறுத்துக்கொள்வதாக முனகினார். அதே கையோடு தம்பிதுரைக்கும் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள்.

போனில் சொல்கிற சமாச்சாரம் இல்லை என்று அரங்கசாமி எழுந்துவிட்டார். டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னார். கண் சரியாகத் தெரியாததால் ஹாரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அப்படி என்னதான் சண்டை என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அவர் கடைசிப் படியில் நின்றார்.

"குடிபோன அன்னைக்குப் பந்தியில, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்கன்னு நான் ரெண்டாந்தடவை கேக்கலையாமாங்க அம்மணி."