இடிச்சாமியிடம் ஒரு பாவசங்கீர்த்தனம்

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, அந்தத் திரை போட்ட மரக்கூண்டுக்கு, ஆள் போனதும், வரிசையில் நின்ற நாங்கள் ஜெபமாலையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தோம்.

பக்தியால் அல்ல. மரியாதைக்காக.

எங்கள் கோயிலின் பங்குச் சாமியாருக்குக் காது கேட்காது. ஒருமுறை கோபுரத்து மணி அறுந்து அவருக்கு இரண்டடி பின்னால் விழுந்தது. "யாரோ கதவைத் தட்டறாங்க, பாருங்க" என்றார். அன்றிலிருந்து அவர் இடிச்சாமி.

அவரிடம் பாவத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவரும் கத்துவார். ஆகவே உள்ளே இருப்பவரின் மானத்தைக் காக்க, வெளியே இருப்பவர்கள் ஜெபமாலையால் ஒரு சுவர் எழுப்புவோம்.

அப்படியும் காதில் விழுந்தால் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். எங்கள் பங்கில் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். ஒரு செய்தி அடுத்த தெருவுக்குப் போக அரை மணி நேரமாவது ஆகிவிடும்.

அன்று எனக்கு முன்னால் போய் முழந்தாளிட்டது விளையாட்டு டீச்சர். பின்னால் வந்து நின்ற என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்று நாளாகிறது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விசில் இல்லாமலே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"சாமி, எம் மகன் இன்னொரு பையனோட குடும்பம் நடத்தறான்!"

எங்கள் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாவம்னு வேதத்துலயே எழுதியிருக்கு" என்று முணுமுணுத்தார் பங்குப்பேரவைத் தலைவர்.

"ஆண்டவரு எந்தெந்தப் பாவிங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டாருன்னும் அதுலயேதான் எழுதியிருக்கு. சும்மா இருங்க" என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற தையல்காரி.

உள்ளே இடி இடித்தது.

"அது அவன் சங்கதி! பாவம்னா அவனே வந்து சொல்லட்டும், அதுக்குத்தான் வரிசை இருக்கு. நீ உன்னோடதைச் சொல்லும்மா!"

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இடிச்சாமிக்கு அது பழக்கம். எங்களால்தான் தாங்க முடியவில்லை.

பிறகு டீச்சர் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த வாசப்படியை மிதிக்காதே என்று மகனை அனுப்பிவிட்டாளாம். போன மாதம் அவனே வந்து கதவைத் தட்டினானாம்.

"அம்மா, அம்மான்னு மூணு தடவை கூப்பிட்டான், சாமி. தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நின்னேன். இன்னிக்குச் சாயங்காலம் மறுபடி வரேன்னு சீட்டு எழுதி அனுப்பியிருக்கான். எங்க வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சா அவரு நெஞ்சு தாங்காது."

அந்த மனிதருக்காக வரிசையே உச்சுக்கொட்டியது. நானும் கொட்டினேன்.

"மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு! சாயங்காலம் கதவைத் திற! ரெண்டும் சேர்ந்துதான் பரிகாரம்!"

டீச்சர் வெளியே வந்தாள். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய் முதல் பெஞ்சில் முழந்தாளிட்டாள்.

அடுத்தது என் முறை.

மெதுவாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இடிச்சாமியிடம் மெதுவாகச் சொன்னால் அதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம் இல்லை, தியானம்.

கத்தினேன்.

"சாமி, இப்ப வந்துட்டுப் போனது என் சம்சாரம். மூணு வருஷமா, வியாழக்கிழமையானா முட்டி வைத்தியம்னு அவகிட்ட பொய் சொல்லிட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டு வரேன். போன மாசம் அவனை வந்து தட்டச் சொன்னதும் நான்தான்!"

முதல் பெஞ்சில் இரண்டாவது மரியே ஜெபம் பாதியில் நின்றது.

"பொய் சொன்னதுக்கு வருத்தப்படறியா?" என்றார் சாமியார்.

"பொய்க்கு வருத்தம்தான், சாமி. போனதுக்கு இல்ல."

அவர் பரிகாரம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் பக்கத்துத் திரை சர்ரென்று விலகியது.

அவள்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஒரு கை திரையை விடாமல் பிடித்திருந்தது. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க, ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடறாங்களா?"