வலது புருவம்

இரண்டாம் சுற்று முடிந்து மணி அடித்ததும், குத்துச்சண்டை மேடையின் மூலையில் இருக்கும் முக்காலியில் மகள் பொத்தென்று உட்காருகிறாள். பயிற்சியாளரான அப்பா அவள் முன் மண்டியிட்டு, வாய்க்காப்பைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். விளக்கின் சூட்டில் அவள் தோள் வேர்வையில் மினுங்குகிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் இடது விலா சுரீரென்கிறது, முகத்தைச் சுளிக்கிறாள். "வலியை வெளிய காட்டாதடி. மோப்பம் பிடிச்சா அங்கேயே போடுவாங்க," என்று அப்பா பல்லைக் கடிக்கிறார். "இப்பக் கேளு. எதிர்ல ஆடுறவளுக்கு வலது புருவம் வீங்கியிருக்கு. அங்கேயே குத்து."

"கிழிஞ்சிடும்ப்பா."

"கிழியட்டும். ஆட்டத்தை நிறுத்திடுவாங்க. கோப்பை நமக்கு."

"கண்ணு போயிட்டா?"

"இங்க என்ன கண்ணாமூச்சியா ஆடுறோம்? இதோ, இந்த இடம்," என்று தன் புருவத்தைத் தொட்டுக் காட்டுகிறார். "குத்து, குத்து" என்று கூட்டம் நாற்காலிகளை உதைக்கிறது. மகள் எதிர்மூலையையே பார்க்கிறாள். அப்பாவும் திரும்புகிறார். அங்கே அந்தப் பெண்ணின் பயிற்சியாளர், ஒரு கையால் அவள் வீங்கிய புருவத்தில் ஐஸ் பையை அழுத்தியபடி, மறுகையால் தன் இடது விலாவைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். "படுபாவி, நீயெல்லாம் ஒரு மனுஷனா" என்று கத்த வாயெடுத்த அப்பா பாதியில் நிறுத்திக்கொள்கிறார். அவருடைய விரல் இன்னும் தன் புருவத்தின் மேலேயே இருக்கிறது.

மணி அடிக்கிறது. மகள் எழுந்து, வாய்க்காப்புக்காக அவர் முன் குனிகிறாள்.

"இப்பச் சொல்லுப்பா. எங்க குத்தணும்?"