ஜெனரேட்டர் ஓடாத காலை

ஃபௌஸி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

ஹியாம் ஈரத் தலையோடு நடையிலேயே நின்று காது கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை.

“அதத்தான் சொல்றேன், எதுவும் கேக்கல. ஜெனரேட்டர் ஓடல. அத ஓட்டுற தௌஃபீக் தூங்கிட்டான் போல. ஆண்டவன் அவன இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்க வைக்கட்டும்.”

பெய்ரூத்தில் அவர்கள் தெருவுக்கே மின்சாரம் தரும் அந்த இயந்திரம் அவர்களுடைய பால்கனிக்கு நேர்கீழே இருந்தது. அது நின்றால் மோட்டார் சைக்கிள்கள் தொடங்கும். அவை ஓய்ந்தால் தண்ணீர் லாரி வரும்.

அன்று அதுகூட வரவில்லை. ஏன் என்று அவள் அப்போதே கேட்டிருக்கலாம்.

ஃபௌஸி பீரோவின் மேலிருந்து பழைய கேசட் ரெக்கார்டரை இறக்கித் தூசியை ஊதினார். எட்டு முறை பதிவு செய்து பார்த்திருந்தார்கள். எட்டிலும் விதாத்தின் குரலுக்கு அடியில் ஜெனரேட்டர் உறுமியது.

விதாத், ஃபௌஸியின் மனைவி, ஹியாமின் அம்மா. கல்யாண மண்டபங்களில் பாடியவள். சாவதற்கு முந்தைய ஆண்டு பன்னிரண்டு பாட்டுகளை ஒரு ஸ்டூடியோவில் பாடிக் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரன் அவற்றை ஒரு பாட்டுச் செயலியில் ஏற்றிவிட்டுக் கனடா போனான். அதன் பிறகு ஆளும் இல்லை, மூலப் பதிவும் இல்லை.

வசந்தத்தில் அந்தச் செயலியையே மூடிவிட்டார்கள்.

ஃபௌஸியின் போனில் முன்பே இறக்கி வைத்திருந்தவை மட்டும் ஓடின. அதுவும் போன் இணையத்தைத் தொடாதவரைக்கும்தான். தொட்டால் செயலி அனுமதி கேட்கும். அனுமதி கொடுக்க அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

சித்தப்பா மகன் ராமி ஒரு நாள் தன் போனில் இணையத்தைத் திறந்து வைத்தபடி வந்து உட்கார்ந்தான். பழகிய போன்தானே என்று ஃபௌஸியின் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. ஃபௌஸி பாய்ந்து அணைப்பதற்குள் பதினொன்று போய்விட்டன.

மிஞ்சியது ஒன்று. மணமகளை வீட்டு வாசலிலிருந்து வழியனுப்பும் பாட்டு. போனில் அதை ஓடவிட்டுக் கேசட்டில் பிடிக்கத்தான் அந்த எட்டு முறையும் பார்த்தார்கள்.

அன்றைக்கே அவர் சிம்மைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவில் போட்டார். ரௌட்டரின் வயரை வெட்டினார். வீட்டுக்குள் எந்தப் போனும் உயிரோடு இருக்கக் கூடாது என்பது சட்டமானது. ஹியாம் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே தன் போனை அணைத்துச் செருப்பு அலமாரியில் வைத்துவிடுவாள். நேற்று மாலையும் அப்படித்தான் வைத்தாள்.

ரெக்கார்டரின் பொத்தானை ஃபௌஸி அழுத்தினார். அது அசையவில்லை. கரண்ட் இல்லை. உள்ளே இருந்த பேட்டரிகள் பச்சையாகப் பூத்துப்போயிருந்தன.

“ஓடு. அபூ நஸீஹ் கடையில பெரிய பேட்டரி நாலு. அவன்கிட்ட வாயடிச்சிட்டு நிக்காத. அவன் தும்மினாக்கூட கதை சொல்வான்.”

“தலையாவது துவட்டிக்கிறேன் பாபா.”

“உங்கம்மா இப்படித்தான். மண்டபமே காத்துக்கிட்டிருக்கும், இவ தலை சீவிக்கிட்டிருப்பா.”

அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

முதல் மாடியில் கதவுக்கு வெளியே எப்போதும் தொங்கும் குருவிக் கூண்டைக் காணவில்லை. ஆணி மட்டும் இருந்தது. விடியற்காலையில் படிகளில் பெட்டி உருண்ட சத்தம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று புரண்டு படுத்திருந்தாள்.

தெருவில் ஒரு கார்கூட இல்லை. கொடியில் துணிகள் காய்ந்து விறைத்திருந்தன. ஜெனரேட்டர் கூண்டின் கதவு திறந்து கிடந்தது. தௌஃபீக்கின் நாற்காலிக்கு அடியில் பாதி குடித்த காப்பி.

தெருமுனையில் அபூ நஸீஹ் கடையின் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். அருகே அவருடைய கார் இஞ்சின் அணைக்காமல் நின்றது. கூரையில் மெத்தைகள். உள்ளே அவர் மனைவி ஜன்னலில் முகத்தை ஒட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு பேட்டரி வேணும், மாமா.”

அவர் திரும்பினார். கை ஷட்டரிலேயே நின்றது.

“நீ இன்னும் இங்கயா இருக்க? குண்டு போடப் போறோம், தெருவ விட்டு வெளியேறுங்கன்னு விடியக்காலம் எல்லார் போனுக்கும் வந்துச்சேம்மா! உங்க ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்திப் போட்டேன். ரெண்டும் அணைஞ்சு கிடக்கவும், நேத்தே கிளம்பிட்டீங்கன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம்.”

“எத்தனை மணி வரைக்கும்னு சொன்னாங்க?”

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கார்க் கதவைத் திறந்து, “ஏறு” என்றார்.

அவள் வீட்டை நோக்கி ஓடினாள்.

பாதித் தூரத்தில் அம்மாவின் குரல் எதிரே வந்தது.

குரல் கணீரென்று வர வேண்டுமென்று ஃபௌஸி எப்போதும் போனைக் காலிக் கண்ணாடிச் சாடிக்குள் நிறுத்தி வைப்பார். பால்கனிக் கதவு திறந்திருந்தது. பாட்டு இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி, சாத்திய ஜன்னல்கள் மேலெல்லாம் பட்டு வந்தது. மணமகளே, திரும்பிப் பார்க்காமல் போ என்கிற அடி. விதாத் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அது கேட்டதில்லை.

“பாபா! இறங்கி வாங்க! பாபா!”

ஃபௌஸி பால்கனிக்கு வந்தார். கையில் டார்ச் விளக்கு இருந்தது. அதன் பின்மூடி கழன்றிருந்தது, உள்ளே பேட்டரிகள் இல்லை.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.